தழும்பு இருக்கு, காயம் இல்லை

கிருஷ்ணன்கோவில் முக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி வத்திராயிருப்பு ரோட்டில் திரும்பினால் வரிசையாக ஊர்கள். ஊர் இருந்தால் சேரி இருக்கும். சேரி இருந்தால் அதில் ஒரு பட்டாளத்து வீடு இருக்கும். அந்த வீட்டில் ஒரு தகரப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயிண்டில் நம்பரும் பேரும். பெட்டிக்குள் ஒரு கம்பளி, ஒன்றிரண்டு மெடல், பழுப்பேறிப்போன ஒரு டிஸ்சார்ஜ் புக்.

எங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெட்டியில் இருக்கும் அந்தப் புத்தகத்தைத்தான் இங்கே விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். ஆசிரியர் பேர் போடாத புத்தகம். ஒரே பிரதிதான் உண்டு. யாருடைய கதையைச் சொல்கிறதோ அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது. நாவல், கவிதை, தன்வரலாறு என்று நாம் எவ்வளவோ விமர்சனம் எழுதிவிட்டோம். நம்ம ஆட்களைப் பற்றி அதிகாரம் எழுதி வைத்திருக்கிற பிரதிகளை யார் விமர்சிப்பது?

முதலில் கதை. தாத்தா 1968இல் பட்டாளத்துக்குப் போனார். 1971 டிசம்பர் சண்டையில் மேற்கு எல்லையில் இருந்தார். பக்கத்தில் விழுந்த குண்டின் சிதறல் இடது முழங்காலுக்குக் கீழே ஏறியது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், அப்புறம் ஸ்டோரில் லேசான வேலை. 1977இல் வெளியே வந்தார். மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஸ்சிமி ஸ்டார் பெட்டியில் இருக்கிறது. எதிரியின் தாக்குதலில் காயம்பட்டவர்களுக்கென்று 1973இல் அரசு ஒரு தனி மெடல் ஏற்படுத்தியது. இன்றைக்கு அதற்குப் பேர் பராக்ரம் பதக். அது பெட்டியில் இல்லை. பென்ஷனும் இல்லை. சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருஷம் முடிக்க வேண்டும். காயத்தால் வெளியேறியவர் என்று எழுதியிருந்தால் அந்தப் 15 வருஷக் கணக்கு குறுக்கே வந்திருக்காது.

இனி பிரதி. பட்டாளத்தில் சேர்ந்த அன்றைக்கு எழுதிய பக்கத்தில் அடையாளக் குறிகள் என்று ஒரு கட்டம். இரண்டு மச்சம் எழுதியிருக்கிறார்கள். வெளியே வந்த அன்றைக்கு எழுதிய பக்கத்திலும் அதே கட்டம். ஒரு மச்சம், அதோடு 'இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு'. நாலு வரி தள்ளி, பணியில் ஏற்பட்ட காயம், ஊனம் என்ற கட்டம். அதில் 'இல்லை'. வெளியேறிய காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேண்டுகோளின் பேரில்'.

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்குப் பாடபேதம் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரே பாட்டு ஒரு ஏட்டில் ஒரு மாதிரியும் இன்னொரு ஏட்டில் வேறு மாதிரியும் இருந்தால் இடையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். நான் அதைத்தான் கேட்கிறேன். 1968இல் இல்லாத தழும்பு 1977இல் எப்படி வந்தது? இடையில் நடந்தது ஒரு யுத்தம். ஆளை அடையாளம் கண்டுபிடிக்க அரசுக்குத் தழும்பு தேவைப்பட்டது, எழுதிக்கொண்டது. அந்தத் தழும்புக்குக் காரணம் எழுதினால் காசு கொடுக்கணும். எழுதவில்லை.

"தாத்தா, நீங்களா கேட்டு வந்தீங்கன்னு இதுல எழுதியிருக்கு."

"நான் எங்கய்யா கேட்டேன்? காலு வலிக்குது, ஏற முடியலன்னு சொன்னேன். ஒரு தாளக் குடுத்தாங்க. கையெழுத்துப் போட்டேன்."

"தாள்ல என்ன எழுதியிருந்துச்சு?"

"இங்கிலீசு எழுதியிருந்துச்சு."

'சொந்த வேண்டுகோளின் பேரில்.' இந்த வாக்கியம் நமக்குப் புதிதா? 1892க்குப் பிறகு பஞ்சமி நிலம் என்று நம்ம ஆட்களுக்குக் கொடுத்த நிலம் கைமாறிப்போன பத்திரங்களைப் புரட்டிப் பாருங்கள். 'என் சொந்தச் சம்மதத்தின் பேரில்' என்றுதான் இருக்கும், கீழே ஒரு கைநாட்டு. பண்ணையில் ஆளை அடகு வைத்த சீட்டிலும் சம்மதம் இருக்கும். நம்மைப் பற்றிய ஆவணங்களில் நாம் எழுவாயாக வருகிற இடம் இது ஒன்றுதான். மற்ற வாக்கியங்களில் எல்லாம் செயப்படுபொருள். சேர்க்கப்பட்டார், அனுப்பப்பட்டார், மாற்றப்பட்டார். வெளியேறும் வாக்கியத்தில் மட்டும் திடீரென்று அவர் சுதந்திர மனிதர், அவராகக் கேட்டார்.

ஆவணத்தைத் திருத்தச் சொல்லி மூன்று தடவை மனுக் கொடுத்தோம். பென்ஷன் வாங்காதவர்களின் பணி ஆவணங்களை 25 வருஷம்தான் வைத்திருப்போம், அப்புறம் அழித்துவிடுவோம் என்பது ராணுவ விதி. அதையே பதிலாக அனுப்பினார்கள். கொஞ்சம் நின்று யோசித்தால் இந்த விதியின் வேலை புரியும். காயத்தை எழுதாததால் பென்ஷன் இல்லை. பென்ஷன் இல்லாததால் ஆவணம் அழிக்கப்பட்டது. ஆவணம் அழிந்ததால் காயத்தை நிரூபிக்க முடியாது. எழுதாமல் விட்ட கைக்கே அதன் பலனும் போய்ச் சேருகிறது. இதை ஒரு ஆபீசரின் கெட்ட எண்ணம் என்று நான் சொல்லவில்லை. தாத்தாவோடு அடிபட்ட வேறு சாதி ஆட்களிலும் எழுதப்படாமல் போனவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் ஊருக்குத் திரும்பியபோது நிலம் இருந்தது, இங்கிலீசில் மனு எழுத மச்சினன் ஒருத்தன் இருந்தான், தாலுகா ஆபீசில் தெரிந்த முகம் இருந்தது. அந்த 25 வருஷத்துக்குள் வாசல் ஏறிவிட்டார்கள். நம்ம வீட்டில் அந்தப் புத்தகத்தை வாசிக்கிற ஆள் உருவாகவே இரண்டு தலைமுறை ஆனது.

காயத்தைத் தரம் பிரிப்பது பட்டாளத்துக்காரன் மட்டும் செய்த வேலை இல்லை. நம்ம தமிழும் செய்ததுதான். மார்பில் பட்டால் விழுப்புண், முதுகில் பட்டால் புறப்புண். வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரன் பெருஞ்சேரலாதன் முதுகில் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர்விட்டான். புறநானூற்றில் அதற்குப் பாட்டு இருக்கிறது. ராஜாவுக்குப் பட்டால் முதுகுக் காயமும் இலக்கியம். அதே களத்தில் துடி அடித்தவன், பறை அடித்தவன், அவன் மேல் பட்ட அம்புக்கு எந்தத் திணையில் இடம்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். வாத்தியார் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

இன்றைய தரம் பிரிப்பு 2001ஆம் ஆண்டு அரசாணையில் இருக்கிறது. சாவையும் ஊனத்தையும் ஏ முதல் ஈ வரை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. எதிரியின் தாக்குதலில் வந்தது ஈ வகை. அதற்குத்தான் போர்க்காயப் பென்ஷன், மற்றதைவிடக் கூடுதல். ஒரே கால், ஒரே தழும்பு. எந்த எழுத்தின் கீழே எழுதுகிறார்கள் என்பதில் வீட்டின் அடுப்பு இருக்கிறது.

இனி அமெரிக்காவுக்குப் போய்விட்டு வருவோம். ஹென்றி ஜான்சன் என்று ஒரு கறுப்பு சிப்பாய். ஆல்பனி ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கியவர். முதல் உலகப்போரில் 369ஆவது காலாட்படையில் இருந்தார். கறுப்பர்களோடு சேர்ந்து சண்டைபோட வெள்ளைச் சிப்பாய்களுக்கு விருப்பமில்லை என்பதால் அந்தப் படையைப் பிரெஞ்சுக்காரர்களிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். 1918 மே மாதம் ஒரு ராத்திரி, சுற்றி வளைத்த ஜெர்மன்காரர்களோடு துப்பாக்கிக் கட்டையாலும் கத்தியாலும் சண்டைபோட்டுக் கூட்டாளியைக் காப்பாற்றினார். உடம்பில் 21 காயம். பிரான்ஸ் தன் உயர்ந்த வீர விருதுகளில் ஒன்றைக் கொடுத்தது. அமெரிக்க ராணுவம் கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பழைய மூட்டை தூக்கும் வேலையையும் நொறுங்கிய காலோடு செய்ய முடியவில்லை. 1929இல் செத்துப்போனார். காயம்பட்டவர்களுக்கான 'ஊதா இதயம்' பதக்கம் 1996இல் வந்தது. உயர்ந்த வீர விருது 2015இல் வந்தது. செத்து 86 வருஷம் கழித்து.

கதை இதோடு முடியவில்லை. அடிமை முறையைக் காக்கச் சண்டை போட்ட ஒரு தளபதியின் பேரில் லூசியானாவில் இருந்த ராணுவ முகாமுக்கு 2023இல் ஜான்சன் பேரை வைத்தார்கள். 2025இல் அதை எடுத்துவிட்டுப் பழைய பேரையே, அதே பேர் உள்ள வேறொரு தளபதியைக் காட்டி, திரும்ப வைத்தார்கள். ஆவணத்தைத் திருத்தினால் போதாது, திருத்தியதைக் காவலும் காக்க வேண்டும்.

நம்ம பக்கம் பார்ப்போம். கோரேகாவ் தூணை எல்லோரும் சொல்கிறோம். 1818 ஜனவரி 1ஆம் தேதி நடந்த சண்டை. கம்பெனி எழுப்பிய அந்தத் தூணில் செத்தவர்கள் பேர் இருக்கிறது, அதில் 22 பேர் 'நாக்' என்று முடியும் மகர் பேர்கள். 1927 ஜனவரி 1ஆம் தேதி அம்பேத்கர் அங்கே போனார். சாதியை மறைக்காமல் பேரை எழுதிய கல் என்பதால் அது நமக்கு ஆவணம் ஆனது. ஆனால் தூணில் இருப்பது செத்தவர்கள். காயத்தோடு திரும்பி ஊருக்கு வெளியே தண்ணீருக்குக் காத்து நின்றவர்களுக்குத் தூண் இல்லை. 1890களில் 'போர்ச் சாதி' என்ற கொள்கையைச் சொல்லி மகர்களைப் பட்டாளத்தில் எடுப்பதையே வெள்ளைக்காரன் நிறுத்திவிட்டான். மதராஸ் சிப்பாய்களும் அந்தக் கொள்கையில் மட்டமாக்கப்பட்டார்கள். வெட்டுப்பட்டு ஜெயித்துக் கொடுத்தவர்களை 'வீரம் இல்லாத இனம்' என்று எழுதியதும் ஒரு ஆவணத் திருத்தம்தான், தலைகீழான திருத்தம்.

அதை எதிர்த்து நம்மவர்கள் செய்தது என்ன? மனு எழுதினார்கள். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கர் 1894இல் எழுதினார். சிவராம் ஜான்பா காம்ப்ளே 1910இல் எழுதினார். இங்கே இரட்டைமலை சீனிவாசன் 1893இல், சிவில் சர்வீஸ் பரீட்சையை இந்தியாவிலும் நடத்தினால் அது சாதி இந்துக்கள் கைக்குப் போகும் என்று, 3412 பேரிடம் கையெழுத்து வாங்கி 112 அடி நீளத்தில் ஒரு மனு அனுப்பினார். தலித் உரைநடையின் தொடக்கத்தைத் தேடுகிறவர்கள் கவிதையிலும் கதையிலும் மட்டும் தேடுகிறார்கள். மனுவில் தேடுங்கள். அதிகாரத்தின் பிரதியை மறுத்து நம் பிரதியை வைத்த முதல் வடிவம் அதுதான்.

இப்போது நம் இலக்கியத்திடம் ஒரு கேள்வி, உரிமையோடுதான் கேட்கிறேன். நான் மேலே சொன்ன அதே வத்திராயிருப்பு ரோட்டில்தான் புதுப்பட்டி இருக்கிறது. பாமாவும் ராஜ் கௌதமனும் அந்த ஊர். பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள். 1992இல் வந்த 'கருக்கு'ம் 2002இல் வந்த 'சிலுவைராஜ் சரித்திர'மும் இல்லாமல் தமிழில் தலித் எழுத்தைப் பேச முடியாது. இந்த நூல்களின் மையம் சேரி, கோயில், பள்ளிக்கூடம், மடம், படிப்பு. பட்டாளம் மையத்தில் இல்லை. அது அவர்கள் குறை இல்லை, அவர்கள் எழுத வந்தது வேறு. என் புகார் அவர்களுக்குப் பின்னால் வந்த நம் மேல்தான். நம் கதைகளில் பட்டாளத்துக்காரர் மணியார்டராக வருகிறார், ரம் பாட்டிலாக வருகிறார், லீவில் வந்து பிள்ளைகளை அடிக்கிற பெல்ட்டாக வருகிறார். ராத்திரி காலைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிற ஆளாக ஏன் வரவில்லை? ஊர்க்காரன் அடித்த அடியை எழுதினோம். நாடு வாங்கிக்கொடுத்த அடியை எழுதவில்லை. கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிய குமாஸ்தாவோடு நாமும் சேர்ந்துகொண்டோமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

'நாங்கள் வீரப் பரம்பரை' என்று மேடையில் முழங்குவது இதற்குப் பதில் ஆகாது. ஆண்ட பரம்பரைப் பேச்சை நாம் ஏன் கடன் வாங்க வேண்டும்? வீரத்துக்கு மேலதிகாரி சாட்சி சொல்ல வேண்டும். காயத்துக்கு உடம்பே சாட்சி. நாம் கேட்பது பாராட்டு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுது என்கிறோம்.

வழி இல்லாமல் இல்லை. பட்டாளத்தில் சேரும்போது எழுதப்படாத ஒரு ஊனம் பிறகு இருந்தால் அது பணியால் வந்தது என்றுதான் கொள்ள வேண்டும், இல்லையென்று காட்டும் பொறுப்பு சிப்பாயுடையது இல்லை என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ராணுவத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் அமர்வு இருக்கிறது. தாத்தாவின் கட்டத்தில் 'சொந்த வேண்டுகோள்' இருப்பதால் வழக்கு லேசு இல்லை என்று வக்கீல் சொல்கிறார். ஆனால் அந்த இரண்டு பக்கத்தின் பாடபேதம் ஒரு சாட்சி என்கிறார். படித்த தமிழ் ஒரு தடவையாவது வீட்டுக்கு உதவட்டும். இதை வாசிக்கிறவர்கள் உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறந்து அந்த இரண்டு கட்டத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். கூட இருந்த கூட்டாளி எந்த ஊரில் இருக்கிறார் என்று கேளுங்கள். அவரும் சாட்சிதான்.

போன மாதம் புத்தகம் முழுவதையும் தமிழில் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். காயம் 'இல்லை' என்ற இடத்தில் வேட்டியை முழங்கால் வரை ஏற்றினார்.

"புத்தகத்துல இல்லன்னா காலுல இல்லன்னு ஆயிருமாய்யா?"

நாலாவது மனுவை அவர் சொல்லச் சொல்லத் தமிழிலேயே எழுதினேன். இங்கிலீசு அதன் மொழிபெயர்ப்பாக அடியில் வரும். முதல் வரி இது: 'என் தழும்பை உங்கள் புத்தகத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி வந்தது என்று எழுதவில்லை. நான் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.'