மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்

பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. மாத்திரை கொடுத்தாயிற்று, நெற்றியில் ஈரத்துணி போட்டாயிற்று, மணி இரவு இரண்டு. அந்த நேரத்தில் நம் வீடுகளில் நடக்கும் ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும்: காசு முடிந்து வைப்பது.

பழைய வெள்ளை வேட்டியின் ஓரத்தில் கையகலம் கிழித்து, மஞ்சள் கரைத்த நீரில் முக்கிப் பிழிந்து, நடுவில் ஒரு ரூபாயை வைத்து, சாமி பெயரைச் சொல்லி இறுக்கி ஒரு முடிச்சு. சமயபுரமோ, பழனியோ, வைத்தீஸ்வரன் கோயிலோ, அவரவர் குலதெய்வமோ. துணி காய்ந்ததும் முடிச்சு கல்லாக இறுகிவிடும். பிறகு அவிழ்ப்பது லேசில்லை.

முன்பு ஒண்ணேகால் ரூபாய் முடிவார்கள். 2011 ஜூன் மாதத்தோடு நாலணா செல்லாமல் போனது. இப்போது ஒரு ரூபாய், அல்லது 11. சாமி கணக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

இதை லஞ்சம் என்று கிண்டல் செய்வோர் உண்டு. ஒரு ரூபாய்க்கு எந்த ஆபீஸில் ஐயா வேலை நடக்கிறது? செய்வதறியாமல் தவிக்கும் அம்மாவின் கைக்குக் கிழிக்க, நனைக்க, முடிய ஒரு வேலை கிடைக்கிறது. அதுவே பாதித் தெம்பு. டாக்டரிடம் போவதையும் இது தடுப்பதில்லை. முடிந்து வைத்துவிட்டுத்தான் ஆட்டோ பிடிப்பார்கள்.

சிக்கல் பிறகுதான். காய்ச்சல் விட்டதும் முடிச்சு மறந்துபோகும். சாமி அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால், யாருக்காக, எதற்காக என்றே தெரியாத முடிச்சுகள் கிடக்கும். அடுத்த முறை கோயிலுக்குக் கிளம்பும்போது அங்கே ஒரு தரம் கைவிட்டுப் பாருங்கள். இருந்தால் அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் போட்டுவிடுங்கள்.