நினைவும் பண்டமும்: வூட்ஸ்ரொக் விழா பற்றி ஒரு குறிப்பு

றொக் இசைச் சுவைஞர் கூடுமிடத்து, இன்று தாம் கேட்கும் இசை பற்றிய பேச்சு விரைவிலேயே முன்பு தாம் கண்ட அரங்குகளின் நினைவாக மாறிவிடுகின்றது. இதனை வெறும் பழமை ஏக்கமெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது என்பது நமது கருத்து.

1969 ஓகஸ்றில், நியூயோர்க் மாநிலத்தின் பெதெல் என்னும் ஊரில், ஒரு பாற்பண்ணை நிலத்திலே நடைபெற்ற வூட்ஸ்ரொக் விழாவை நோக்குவோம். இலாபங் கருதித் தொடங்கப்பட்ட முயற்சியே அது. மூன்று நாட்களுக்கான நுழைவுச்சீட்டு முன்விற்பனையில் 18 டொலருக்கு விற்கப்பட்டது. வேலியடைப்பு முற்றுப்பெறுமுன் மக்கள் திரண்டமையால் அது இலவச விழாவாயிற்று. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் மழையிலும் சேற்றிலும் கூடியிருந்தனர். உணவு இலவசமாகப் பகிரப்பட்டது.

ஆயின், 1970இல் வெளிவந்த திரைப்படமும் இசைத்தட்டுக்களும் அவ்விலவச அனுபவத்தை மீண்டும் பண்டமாக்கின. 18ஆம் திகதி காலை ஜிமி ஹென்ட்றிக்ஸ் அமெரிக்கத் தேசிய கீதத்தைக் கிற்றாரில் இசைத்தபோது, திரண்டிருந்தோரிற் பெரும்பாலார் வீடு திரும்பிவிட்டனர். இன்றோ விழாவின் குறியீடாக நிற்பது அக்காட்சியே. அதனை நிலைநிறுத்தியது திரைப்படம். தனிமனித நினைவெனத் தோன்றுவதிலும் பண்பாட்டுக் கைத்தொழிலின் பங்குண்டு என்பது இதனாற் புலனாகும்.

எனினும் அந்நினைவு முற்றும் பொய்யெனக் கூறல் தவறாகும். இன்று கைத்தொலைபேசியில் தனித்திருந்து இசை கேட்கும் அக்காலச் சுவைஞர், பாடலோடு, முன்பின் அறியாதாருடன் பகிர்ந்த உணவையும் நினைவுகூர்கின்றார். அவ்வுறவு சந்தையின் வேலி தவறிய இடத்திலே தோன்றியது. அந்த ஏக்கத்தை எள்ளுவதால் விமர்சனத்துக்குப் பயனில்லை; அதனுள் உறையும் சமூகத் தேவையை இனங்காட்டுவதே நமது பணியாகும்.