இடித்துக் கட்டும் ஊரின் காகிதங்கள்

லாஸ் வேகஸ் நகரம் தன் பழைய விடுதிகளை வெடிவைத்துத் தகர்க்கும், அதையும் வாணவேடிக்கையோடு ஊரைக் கூட்டிக் காட்டும். டூன்ஸ் 1993இல் சரிந்தது. லேண்ட்மார்க் 1995, சாண்ட்ஸ் 1996, ஸ்டார்டஸ்ட் 2007, ரிவியரா 2016, கடைசியாக 2024 அக்டோபரில் ட்ராபிகானா. 1905 மே மாதம் ரயில்வே கம்பெனி பாலைவனத்தில் மனைகளை ஏலம் விட்டபோது பிறந்த ஊர் இது. அதன் கடந்தகாலத்தைக் கட்டடங்களில் தேடினால் கிடைப்பது சொற்பம். அட்டைப் பெட்டிகளில்தான் தேட வேண்டும்.

அந்தப் பெட்டிகளில் பெரும்பகுதி லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்புப் பிரிவில் இருக்கிறது. தெற்கு நெவாடாவின் வட்டார வரலாறு, சூதாட்டம், கேளிக்கை ஆகிய மூன்றையும் அங்கே ஒரே கூரையின்கீழ் சேர்த்திருக்கிறார்கள். 1931இல் நெவாடா சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. அதே ஆண்டில் ஹூவர் அணையின் கட்டுமானமும் தொடங்கியது. அன்றிலிருந்து அந்த வட்டாரத்தின் பிழைப்பையும் கேளிக்கையையும் தனித்தனியே பிரித்துச் சொல்ல முடியாது என்பதால், இந்த ஏற்பாடு சரியானதே.

தொகுப்புகளில் அதிகம் புழங்குவது சாண்ட்ஸ் விடுதியின் விளம்பரப் பிரிவுக் கோப்புகளாக இருக்க வேண்டும். 1952 டிசம்பரில் திறந்த அந்த விடுதிக்கு ஆல் ஃப்ரீமன் விளம்பரப் பொறுப்பாளர். ஃபிராங்க் சினாட்ராவும் நண்பர்களும் கோப்பா ரூம் மேடையில் பாடியதை அமெரிக்கா முழுக்கப் பேசவைத்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. நீச்சல் குளத்துக்குள் பகடை மேசையை இறக்கி, நீச்சலுடையில் நின்று ஆடுபவர்களைப் படமெடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பியது இந்த விடுதிதான். புகைப்படங்கள், கடிதங்கள், நறுக்குகள் என எல்லாம் சேர்ந்திருப்பதால், ஒரு கனவு எப்படித் தயாரிக்கப்பட்டது என்பதைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

ஆனால் கவனம் வேண்டும். இவை விற்பவர்களின் காகிதங்கள். சூதாட்ட வருமானத்தை எண்ணும் அறையிலிருந்து கணக்கில் வராமல் வெளியேறிய பணத்துக்கு விளம்பரப் பிரிவில் கோப்பு கிடையாது. அதைத் தேடுபவர்கள் விசாரணைப் பதிவுகளுக்கும் 1955இல் அமைந்த சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆவணங்களுக்கும் போக வேண்டும். குற்றக்கும்பல்களை ஆராய்ந்த செனட்டர் கெஃபாவரின் குழு 1950 நவம்பரில் இந்த ஊரில் சாட்சிகளை விசாரித்த நீதிமன்றக் கட்டடம் 2012 முதல் குற்றக்கும்பல்களின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகமாக இயங்குகிறது.

ஊரே சேர்ந்து நடத்திய விளம்பரமும் உண்டு. லாஸ் வேகஸ் நியூஸ் பீரோவின் புகைப்படத் தொகுப்பில் 1957இல் டான் இங்கிலிஷ் எடுத்த படம் உலகப் பிரசித்தம்: நீச்சலுடையின் மேல் பஞ்சாலான காளான் மேகம் ஒட்டிய நடனப் பெண், கைகளை விரித்துச் சிரிக்கிறாள். நகரிலிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம் தொலைவில் அப்போது அணுகுண்டுகளை வெட்டவெளியில் வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கதிர்வீச்சையும் கேளிக்கையாக்கிய அந்தத் துணிச்சல் என்னைக் கலங்கவைக்கிறது. அந்தப் படத்தைச் சோதனைக் காலத்தின் மற்ற ஆவணங்களோடு சேர்த்துவைத்தே பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழக நூலகத்தில் மேடை உடைகளின் வண்ண வரைபடங்களும் பழைய உணவகப் பட்டியல் அட்டைகளும் கண்ணுக்கு விருந்து. இன்டர்நேஷனல் (1969), எம்ஜிஎம் கிராண்ட் (1973) விடுதிகளை வடிவமைத்த மார்ட்டின் ஸ்டெர்னின் கட்டட வரைபடங்களும் அங்கே உள்ளன. இத்தனைக்கும் நடுவில் யாரும் எளிதில் எட்டிப் பார்க்காத யூனியன் பசிபிக் ரயில்வேயின் கோப்புகளைத்தான் நான் முதலில் வைப்பேன். ஊருக்குக் குடிநீர் கொடுத்ததே ரயில்வேயின் துணை நிறுவனம். ஊற்று, குழாய், கட்டணம், தகராறு: பாலைவனத்தில் ஒரு நகரம் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்கான பதில் சினாட்ராவின் படங்களில் கிடைக்காது.

பெட்டிகளில் இல்லாதவர்களைத் தேடிப் போவது அதே நூலகத்தின் வாய்மொழி வரலாற்று மையத்தின் வேலை. 2003இல் தொடங்கிய அதை வளர்த்தவர் கிளேட்டி வைட். லூசியானாவின் டலூலாவிலிருந்தும் ஆர்கன்சாவின் ஃபோர்டைஸிலிருந்தும் பருத்திக் காட்டு வேலையை விட்டுக் கறுப்பினக் குடும்பங்கள் வேகஸுக்கு வந்தன. பெண்கள் விடுதி அறைகளைச் சுத்தம் செய்தார்கள், சமையற்கட்டில் நின்றார்கள். அதே விடுதிகளில் விருந்தினராகத் தங்க அவர்களுக்கு அனுமதியில்லை. குடியிருப்பு ஊரின் வெஸ்ட்சைடு பகுதியில் மட்டும். எல்லா இனத்தவரையும் ஏற்ற மூலன் ரூஜ் விடுதி 1955 மே மாதம் திறந்து அந்த ஆண்டுக்குள்ளேயே மூடப்பட்டது. பெரிய விடுதிகள் நிறவேறுபாட்டைக் கைவிட ஒப்புக்கொண்டது 1960 மார்ச்சில்தான், அதுவும் கறுப்பின மக்கள் ஊர்வலம் போகப்போவதாக அறிவித்த பிறகு.

அறைப் பணிப்பெண்ணாக இருந்த ஹாட்டி கேன்டி 1990இல் சமையல் தொழிலாளர் சங்கத்தின் 226ஆம் கிளைக்குத் தலைவரானார். 1991இல் ஃப்ரான்டியர் விடுதியில் தொடங்கிய வேலைநிறுத்தம் 1998இல் தொழிலாளர்களின் வெற்றியில் முடியும்வரை ஆறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஃப்ரான்டியர் கட்டடமும் 2007இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தத் தொழிலாளர் தலைமுறை வேகமாக மறைந்துவருகிறது. டாலர் புரளும் ஊரில் அவர்களின் பேச்சை ஒலிப்பதிவு செய்யவும் எழுத்தாக்கவும் இப்போதே கூடுதல் பணம் ஒதுக்க வேண்டும். உடைகளின் வரைபடங்கள் இன்னும் பத்தாண்டு காத்திருக்கும்.