ஜிசிசியின் 'ஃபாஸ்ட்-மேத்': மொத்தமாக வாங்க வேண்டாம்

ஜிசிசி கம்பைலருக்கு 'ஃபாஸ்ட்-மேத்' என்று ஒரு வார்த்தை சொன்னால் மிதவைப் புள்ளிக் கணக்குகள் வேகமெடுக்கின்றன. பலரும் அதற்கு மேல் பார்ப்பதில்லை. உண்மையில் அது ஒரு ஆப்ஷன் அல்ல, பல ஆப்ஷன்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. அதில் உள்ளவற்றைத் தனித்தனியே பார்த்தால் பெரும்பாலானவை சாதுவானவைதான். ஒன்றோடொன்று சேரும்போதுதான் சிக்கல். ஆகவே மூட்டையை அப்படியே எடுக்காமல், வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பதே சரி என்பது என் முடிவு.

வேகம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். ஓர் அரேயின் எண்களையெல்லாம் கூட்டும் சாதாரண லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். டபுள் வகையில் 0.1, 0.2 இரண்டையும் கூட்டி, பிறகு 0.3 சேர்த்தால் 0.6000000000000001 வரும், 0.2, 0.3 இரண்டையும் முதலில் கூட்டினால் 0.6 வரும். வரிசை மாறினால் விடை மாறுவதால், எழுதிய வரிசையை மீறி லூப்பை வெக்டராகப் பிரிக்க கம்பைலருக்கு உரிமை இல்லை. அந்த உரிமையைத் தருவது 'அசோசியேட்டிவ்-மேத்'. ஆனால் அதை மட்டும் கொடுத்தால், மற்ற ஆப்ஷன்கள் தடுக்கின்றன என்று எச்சரித்துவிட்டு ஜிசிசி அதை அணைத்துவிடும். காரணம் இருக்கிறது: 1-உடன் y-ஐக் கூட்டி 1-ஐக் கழித்தால் y என்று சுருக்க வேண்டுமானால், y மைனஸ் பூஜ்யமாக இருக்கும்போது விடை பிளஸ் பூஜ்யமாவதைப் பொருட்படுத்தக் கூடாது. வரிசை மாறுவதால் புதிதாக எழக்கூடிய ஓவர்ஃப்ளோ போன்ற அறிவிப்புகளையும் பொருட்படுத்தக் கூடாது. எனவே 'நோ-சைன்ட்-ஜீரோஸ்', 'நோ-டிராப்பிங்-மேத்' இரண்டும் கூடவே வர வேண்டும். இந்த மூன்றும் 'ஓ3'-யும் இருந்தால் கூட்டல் லூப் வெக்டராகிவிடும். மூட்டையில் மீதியிருப்பவற்றுக்கு அங்கே வேலையே இல்லை.

ஆபத்தான ஜோடி 'அசோசியேட்டிவ்-மேத்'தும் 'ஃபைனைட்-மேத்-ஒன்லி'யும். பின்னது, முடிவிலியோ 'நேன்' மதிப்போ எங்கும் வராது என்று கம்பைலருக்கு நாம் தரும் வாக்குறுதி. 10-இன் 308ஆம் அடுக்கை M என்போம். டபுளின் உச்சவரம்பு அதைப் போல இரு மடங்குகூட இல்லை. M, மைனஸ் M, M, மைனஸ் M என்ற நான்கையும் வரிசையாகக் கூட்டினால் விடை பூஜ்யம். இரண்டு டபுள் கொள்ளும் எஸ்எஸ்இ வெக்டரில் ஒரு பக்கம் இரண்டு M சேர்ந்து முடிவிலியாகும். மறுபக்கம் மைனஸ் முடிவிலி. கடைசியில் இரண்டையும் கூட்டினால் நேன். முதல் ஆப்ஷன் மட்டும் இருந்தால் 'இஸ்நேன்' சோதனை இதைப் பிடித்துவிடும். இரண்டாவதும் இருந்தால், நேன் வராது என்ற வாக்கை நம்பி கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கியிருக்கும். ஒன்று பிழையை உண்டாக்க, இன்னொன்று அதை மறைக்கிறது.

"என் தரவில் அவ்வளவு பெரிய எண்களே இல்லை" என்பார்கள். இருக்கலாம், ஆனால் விடுபட்ட அளவீடுகளை நேன் என்று குறிக்கும் தரவு ஏராளம், வாக்குறுதி அவற்றுக்கும் பொருந்தும். "பிட் குறைவதால் வரும் பிழை எப்படியும் உண்டே" என்ற வாதம் இன்னும் வலுவானது. பிரித்துக் கூட்டுவது பல சமயம் வரிசையாகக் கூட்டுவதைவிடத் துல்லியமானதுதான். ஆனால் அந்தப் பிழையைத் திருத்தவே எழுதப்பட்ட காஹன் கூட்டலில், திருத்தத்தைக் கணக்கிடும் வரி இயற்கணிதப்படி பூஜ்யம் என்று கம்பைலர் அதை அழித்துவிடும். அதனால்தான் இந்த உரிமையை முழு புராஜெக்டுக்கும் தராமல், தேவைப்படும் ஃபைலுக்கு மட்டும் தர வேண்டும் என்கிறேன்.

'நோ-மேத்-எர்னோ'வை மட்டும் தயங்காமல் எங்கும் போடலாம், எர்னோவைப் படித்துப் பிழை பார்க்கும் கோடு இல்லாதவரை. வர்க்கமூலம் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனாகிவிடும். கூட்டல் லூப்கள் உள்ள ஃபைல்களுக்கு மேலே சொன்ன மூன்றையும் கொடுங்கள். ஏற்கெனவே 'ஃபாஸ்ட்-மேத்' போட்டுவிட்டு மாற்ற முடியாத நிலையில் இருந்தால், அதற்குப் பின்னால் 'நோ-ஃபைனைட்-மேத்-ஒன்லி'யை இன்றே சேர்த்துவிடுங்கள்.