ஒரு துளை தள்ளிக் கட்டுங்கள்

ஷாக்கைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஃபாக்ஸா, வாக்கர் எவன்ஸா, கேஒய்பியா என்று அவர்கள் அடுக்கும்போது நானும் தலையாட்டுவேன். நல்ல ஷாக்குக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஆனால் ஒரு ஸ்னோமொபைல் தன்னை ஓட்டுகிறவருக்குச் சொந்தமாவது லிமிட்டர் பட்டையில்தான் என்பது என் கட்சி. ஒரு துண்டு நைலான், அதில் வரிசையாகச் சில துளைகள், ஒரு போல்ட். முழு வண்டியிலும் இதைவிட மலிவான பாகம் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம்.

ட்ராக்குக்குள் இருக்கும் பின் சஸ்பென்ஷனான ஸ்கிட்டின் முன் ஆர்ம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்று இந்தப் பட்டைதான் வரம்பு கட்டுகிறது. ஒரு துளை இழுத்துக் கட்டினால் வளைவை விட்டு வெளியே வரும்போது திராட்டிலை அழுத்தினாலும் ஸ்கீ பனியை விடாது. ஸ்கீயின் அடியிலுள்ள கார்பைடு கடித்துக்கொண்டே இருக்கும். ஒரு துளை தளர்த்தினால் எடை பின்னால் போய் ட்ராக் பிடிக்கும், மூக்கு லேசாகி எழும்பும், ஹேண்டில்பார் பஞ்சாகிவிடும். அங்குலத்துக்கும் குறைவான தூரம். அதில் இத்தனை வித்தியாசம். ஒரேயடியாக இழுத்துக் கட்டிவிட்டால் நடு ஷாக்கின் பயணம் குறைந்து, மேடு பள்ளமெல்லாம் முதுகெலும்பில் வந்து சேரும். பேராசைக்கு அது இடம் கொடுக்காது என்பதாலேயே அந்தப் பட்டை மீது எனக்குக் கூடுதல் மரியாதை.

இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்துப் படித்தது கியூபெக்கில், சாக்னே பக்கத்தில் ஒரு கொட்டகையில். அங்கே ஒரு கிழவர் இருந்தார். கனமான பனி உடுப்பு, பூட்ஸ், ஹெல்மெட், முதுகுப் பை எல்லாவற்றோடும் ஆள் வந்து உட்காராதவரை ஸ்பேனரையே தொடமாட்டார். ஒருமுறை கணவனும் மனைவியும் ஒரே மாடல், ஒரே வருட வண்டிகள் இரண்டைக் கொண்டுவந்தார்கள். கணவர் நூறு கிலோவைத் தாண்டியவர்; அவர் வண்டி வளைவில் திரும்பாமல் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறதாம். மனைவி அதில் பாதிதான் இருப்பார். அவருக்கோ ஹேண்டில்பார் கல்லாய்க் கனக்கிறது. இவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்பது கணவரின் முடிவு.

கிழவர் இரண்டு வண்டியின் பின் பம்பரையும் தூக்கி ஓர் அளவு எடுத்தார். ஆளை உட்காரவைத்து இன்னோர் அளவு. கணவர் உட்கார்ந்ததும் பின்பக்கம் அப்படியே தொய்ந்து, ஸ்கீயில் பாரமே இல்லாமல் போனது. மனைவி உட்கார்ந்தபோது வண்டி அசையக்கூட இல்லை. உயர்ந்து நின்ற பின்பக்கம் பாரத்தையெல்லாம் ஸ்கீ மேல் தள்ளியிருந்தது. கணவருக்குப் பின் டார்ஷன் ஸ்பிரிங்கை இறுக்கும் கேமை ஏற்றி, பட்டையை ஒரு துளை இழுத்தார். மனைவிக்குக் கேமை இறக்கி, ஒரு துளை தளர்த்தினார். மரக்குச்சியால் பனிக்கட்டியைச் சுரண்டிவிட்டு, பட்டையின் விளிம்பு நூல் பிரிந்திருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ட்ராக்கின் இறுக்கத்தையும் ஒருமுறை சரிபார்த்தார். அந்தப் பெண் பாதையில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பியபோது கணவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

அந்த வரிசையைத்தான் இன்றும் நான் பிடிவாதமாகப் பின்பற்றுகிறேன். முதலில் பின்பக்கத் தொய்வு, பாதை வண்டிக்குச் சுமார் மூன்று அங்குலம். பிறகு நடு ஸ்பிரிங். பிறகு பட்டை. ஸ்கீ ஸ்பிரிங் கடைசியில். நம்மவர்கள் செய்வது நேர்த் தலைகீழ்: ஸ்கீ பிடிக்கவில்லையா, முன் ஸ்பிரிங்கை முறுக்கு! சாயங்காலம் தோள்பட்டை வலிக்கும்போது வண்டியைத் திட்டுவார்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அதே பாதையில் சோதனை என்பதற்கும் பொறுமை இல்லை. மைனஸ் 25இல் ஷாக் எண்ணெய் இளகுவதற்குள் முதல் கிலோமீட்டரிலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

எம்-10 பக்தர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். மினசோட்டாவின் எவலெத்திலிருந்து ஜெரார்ட் கார்பிக் கொடுத்த அந்த ஸ்கிட்டை ஓட்டியின் எடையைப் பார்த்து அமைத்துவிட்டால் போதும், மெத்தை என்பார்கள். மெத்தைதான், மறுக்கவில்லை. சனிக்கிழமை பிற்பகலில் ஒன்டாரியோவின் ஹாலிபர்ட்டன் பாதைகள் உழுத வயல்போல் ஆன பிறகு அதில் உட்கார்ந்து வருவது சுகமே. எனக்கு அந்தச் சுகம் சற்று அதிகம். ட்ராக் எப்போது பிடிக்கிறது, எப்போது நழுவுகிறது என்று இடுப்புக்குத் தெரியவேண்டும்.

இப்போது பட்டனை அழுத்தினால் டேம்பிங் மாறுகிறது. ஸ்கீ-டூவின் ஸ்மார்ட்-ஷாக்ஸ் 2022 மாடலில் வந்தது. போலாரிஸிடம் டைனமிக்ஸ் இருக்கிறது. ஓடும்போதே நொடிக்குப் பலமுறை தன்னைத் திருத்திக்கொள்ளும் அந்த வேலைத்திறன் உண்மையிலேயே பிரமாதம். என் வருத்தம் அது தரும் தைரியத்தைப் பற்றி. டேம்பிங் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் ஆளின் எடைக்கேற்ப ஸ்பிரிங்கை அது முறுக்கிவைக்காது; பட்டையின் துளையையும் மாற்றாது. அறுபது கிலோக்காரருக்கும் நூற்றுப்பத்து கிலோக்காரருக்கும் ஒரே அமைப்பில் சாவியைக் கொடுத்து அனுப்பும் கடைக்காரர்களுக்கு இது நல்ல சாக்கு. வண்டியை ஒப்படைக்கும் நாளில் வாங்கியவரை உட்காரவைத்து அளவெடுக்க அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியைத் தரும் கடையை இப்போதெல்லாம் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது.

பழைய வண்டி பார்க்கப் போனால் நான் எஞ்சினுக்கு முன்னால் பட்டையைத்தான் குனிந்து பார்ப்பேன். பத்து வருடம் ஓடியிருக்கும். போல்ட் தொழிற்சாலையில் போட்ட துளையிலேயே துருப்பிடித்து இறுகியிருக்கும். அப்படி ஒன்றை வாங்கினால் பட்டையையும் போல்ட்டையும் சேர்த்தே புதிதாக மாற்றிவிடுங்கள். இரண்டு பட்டை உள்ள ஸ்கிட் என்றால் இரண்டிலும் ஒரே துளை.