‘ரேஸ் அக்ராஸ் தி ஸ்கை’: முதல் ஆளும் கடைசி ஆளும்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்று ஒரு சின்ன ஊர். கடல் மட்டத்திலிருந்து 10,000 அடிக்கு மேலே இருக்கிறது. அங்கே 1994-இல் 100 மைல் மலைச் சைக்கிள் பந்தயம் ஒன்றை ஆரம்பித்தார்கள். ஆகஸ்டில் நடக்கும். 2009-ஆம் வருஷப் பந்தயத்தைப் படம்பிடித்து, சுடச்சுட அதே அக்டோபரில் தியேட்டருக்குக் கொண்டுவந்த ஆவணப்படம்தான் ‘ரேஸ் அக்ராஸ் தி ஸ்கை’. போன வாரம் மூன்றாவது தடவையாகப் பார்த்தேன். முன்பு பிடித்த பகுதிகள் இப்போது பிடிக்கவில்லை. முன்பு பொறுமையில்லாமல் தாண்டிப்போன பகுதிகள்தான் மனசில் நிற்கின்றன.

முதலில் பந்தயம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் வரும் கிராஸ் கன்ட்ரி போல சின்னச் சுற்றில் ஒன்றரை மணி நேரம் சுற்றும் விஷயம் இல்லை இது. ஊரிலிருந்து 50 மைல் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். முன்வரிசையில் சில தொழில்முறை வீரர்கள் இருப்பார்கள். மற்றபடி எல்லோரும் வேலைக்குப் போய்க்கொண்டே, கிடைத்த நேரத்தில் பயிற்சி எடுத்தவர்கள். 12 மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பெல்ட் பக்கிள் கொடுப்பார்கள். 9 மணி நேரத்துக்குள் என்றால் பெரிய பக்கிள். இந்தப் பக்கிளுக்காக வருஷக்கணக்கில் முயற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிரிக்காதீங்க, நம்மில் பலர் இதைவிடச் சின்ன விஷயங்களுக்கு இதைவிட அதிகமாகப் பாடுபடுகிறோம்.

படத்தின் முதுகெலும்பு லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கும் டேவ் வீன்ஸுக்கும் நடந்த போட்டி. வீன்ஸ் அதே மாநிலத்தின் கன்னிசன் ஊர்க்காரர். 2003 முதல் 2008 வரை ஆறு தடவை தொடர்ந்து ஜெயித்தவர். 2007-இல் அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர் ஃப்ளாயிட் லாண்டிஸ், 2008-இல் ஆம்ஸ்ட்ராங். 2009-இல் ஆம்ஸ்ட்ராங் திரும்பி வந்தார். டூர் டி ஃபிரான்ஸில் மூன்றாம் இடம் பிடித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. பின்சக்கரத்தில் காற்று இறங்கிய சைக்கிளோடு கடைசி சில மைல்களை ஓட்டி 6 மணி 28 நிமிஷத்தில் முடித்தார். வீன்ஸ் கிட்டத்தட்ட அரை மணி நேரம் கழித்து வந்தார். படம் இந்த வெற்றியைத்தான் உச்சக்கட்டமாக வைக்கிறது.

2012 அக்டோபரில் அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் அறிக்கை வந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் பட்டங்களும் போயின. இதில் இன்னொரு விஷயம்: 2010 பந்தயத்துக்கும் இதே பெயரில் இரண்டாவது படம் எடுத்தார்கள். அந்த வருஷம் ஜெயித்தவர் லீவை லைப்ஹைமர். அவரும் அதே விசாரணையில்தான் ஊக்கமருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டு தடை வாங்கினார். ஆக, இரண்டு படம், இரண்டு வெற்றியாளர், இருவரையும் சாய்த்தது ஒரே அறிக்கை. 2007-இல் இரண்டாவதாக வந்த லாண்டிஸையும் சேர்த்தால் கணக்கு இன்னும் மோசம். லெட்வில்லில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது வேறு கேள்வி. அதற்குள் நான் போகவில்லை. ஆனால் படம் நம்மை நம்பச் சொன்ன ‘மாவீரன் கதை’ மொத்தமாகச் சரிந்துவிட்டது.

ஆம்ஸ்ட்ராங் இல்லாவிட்டால் இப்படி ஒரு படம் தியேட்டருக்கே வந்திருக்காது என்பார்கள். நிஜம்தான். முதலீடு போட்டவனுக்கு நட்சத்திரம் வேண்டும். சாதாரணப் போட்டியாளர்கள் சிலருடைய கதைகளும் படத்தில் இடையிடையே வருகின்றன, அதையும் ஒத்துக்கொள்கிறேன். என் குறை, அவர்கள் ‘இடையிடையே’ வருகிறார்கள் என்பதுதான். நட்சத்திரங்களுக்கு நடுவே மூச்சு விடுவதற்கான இடைவேளை மாதிரி.

மென்பொருள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் வேகமாகப் பதில் சொன்ன கோரிக்கையை யாரும் உட்கார்ந்து ஆராய மாட்டோம். மிகத் தாமதமாக வந்த அந்த ஒரு சதவீதத்தைத்தான் தோண்டுவோம். அமைப்பு எங்கே திணறுகிறது என்பது அங்கேதான் தெரியும். இந்தப் பந்தயத்தையும் அப்படிப் பாருங்கள். ஆம்ஸ்ட்ராங்கின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். 12 மணி நேரத்தில் முடிப்பவருக்கு 13-க்குக் கொஞ்சம் மேலே. முன்னவர் குளித்துச் சாப்பிட்டு முடித்த பிறகும் பின்னவர் ஐந்து மணி நேரத்துக்கு மேல் சீட்டில் இருக்கிறார். அந்த மலைகளில் ஆகஸ்ட் மாதப் பிற்பகல் என்றால் இடி மழைக்கான நேரம். கூடுதலாக அத்தனை மணி நேரம் வயிறு ஒத்துழைக்க வேண்டும், பிரேக் பிடித்துப் பிடித்து மரத்த விரல்கள் வேலை செய்ய வேண்டும். வழியில் உள்ள நேர எல்லைகளைத் தாண்டாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். உடம்பின் கஷ்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் யாருடைய பந்தயம் பெரியது?

கொலம்பைன் சுரங்கம் என்ற இடத்தில்தான் எல்லோரும் திரும்ப வேண்டும். 12,400 அடிக்கு மேலே. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 63 சதவீதம்தான். கடைசிப் பகுதி கல்லும் செங்குத்துமாக இருப்பதால் பெரும்பாலானோர் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையாக நடக்கிறார்கள். போன வழியிலேயே திரும்புவது என்பதால், முன்னணியில் இருப்பவர்கள் அதே பாதையில் எதிரே பாய்ந்து இறங்குகிறார்கள். உலகப் புகழ் பெற்றவனும், விடிகாலையில் எழுந்து பயிற்சி செய்துவிட்டு ஆபீஸ் போகிறவனும் ஒரு கை தூரத்தில் ஒருவரையொருவர் கடக்கிற இடம். இப்படி ஒரு காட்சி அமைய வேறு எந்த விளையாட்டில் வாய்ப்பு இருக்கிறது? நானாக இருந்தால் படத்தையே அங்கே உட்கார வைத்திருப்பேன்.

திரும்பும் இடம் ஒரு பழைய சுரங்கம் என்பதும் சும்மா கடந்து போகிற தகவல் இல்லை. லெட்வில்லுக்குச் சோறு போட்டது கிளைமாக்ஸ் மாலிப்டினம் சுரங்கம். 1980-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. அவர்களில் ஒருவரான கென் க்ளோபர்தான், வெளியூர்க்காரர்கள் இங்கே வந்து ஒரு ராத்திரியாவது தங்கட்டும் என்று 1983-இல் 100 மைல் ஓட்டப் பந்தயத்தை ஆரம்பித்தார். சைக்கிள் பந்தயம் அதன் தம்பி. ஊரின் வயிற்றுப்பாட்டுக்காகப் பிறந்த பந்தயம் இது. வெற்றியாளர் ஒருவர் ஊரை வாழவைக்க முடியாது. கூட்டமாக வந்து அறை எடுத்து, சாப்பிட்டு, அடுத்த வருஷமும் வருகிற பின்வரிசைதான் வாழவைக்கும். 2010-இல் லைஃப் டைம் ஃபிட்னஸ் என்ற பெரிய நிறுவனம் பந்தயத்தை வாங்கியது. இரண்டு படங்களும் எந்தச் சந்தைக்கான விளம்பரமாக அமைந்தன என்று இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

2009-இல் பெண்கள் பிரிவில் ஜெயித்தவர் ரெபெக்கா ரஷ். அடுத்த மூன்று வருஷமும் அவரே ஜெயித்தார். நாற்பதை ஒட்டிய வயதில். நட்சத்திரக் கதைதான் வேண்டும் என்றாலும் அது பக்கத்திலேயே இருந்தது.

பந்தயத்தில் பவர்லைன் என்று ஒரு ஏற்றம் உண்டு. போகும்போது அது இறக்கம். திரும்பும்போது, 80 மைல் தாண்டி கால் செத்த நிலையில், அதையே ஏற வேண்டும். உச்சி வந்துவிட்டது என்று நினைக்கிற ஒவ்வொரு தடவையும் அடுத்து ஒரு மேடு தெரியும். அங்கே சாயங்கால வெயிலில், கடிகாரத்தைப் பார்த்தபடி சைக்கிளைத் தள்ளுகிறவர்கள்தான் 11 மணி 50 நிமிஷத்துக்கும் 12 மணி 10 நிமிஷத்துக்கும் நடுவே முடிக்கப்போகிறவர்கள். ஒரு கேமராவை அங்கே நாலு மணி நேரம் நிறுத்தி வைத்திருந்தால் போதும்.