இடம் சொல்லாத காலக்குறிப்பு

காலத்தைக் குறித்துவைக்கும் முறை தமிழர்க்குப் புதிதன்று. சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் அரசனின் ஆட்சியாண்டு காணப்படும். பலவற்றில் அதனோடு மாதமும் பக்கமும் திதியும் கிழமையும் நாண்மீனும் சேர்ந்து வரும். அவற்றுள் ஒன்று பிழைபட வெட்டப்பட்டிருந்தாலும் மற்றவை அப்பிழையைக் காட்டிக்கொடுக்கும். எல். டி. சாமிக்கண்ணு பிள்ளையவர்கள் 1922-இல் வெளியிட்ட பஞ்சாங்கத் தொகுதிகளைக் கொண்டு இக்குறிப்புகளுக்கு ஆங்கில நாள் காண முடிவது இதனாலேயே. தன்னைத் தானே சரிபார்க்க இடந்தருவதே நல்ல காலக்குறிப்பு என்பது இதனால் பெறப்படும்.

இவ்வளவுகோலால் இக்காலப் பதிவுமுறை ஒன்றை மதிப்பிடலாம். மலாக்காவில் 1973-இல் சீமென்ஸ் நிறுவனம் தொடங்கிய தொழிற்சாலை இன்று இன்ஃபினியன் என்னும் பெயரில் இயங்குகிறது. அத்தகைய ஆலைகளில் மின்சில்லுகள் பொதியப்பட்டுச் சோதிக்கப்படுகின்றன. சில்லுச் சோதனை முடிவுகளை எழுதிவைக்க உலகெங்கும் வழங்கும் அமைப்பு எஸ்.டி.டி.எஃப். என்பது. அமெரிக்க நிறுவனமாகிய டெராடைன் வகுத்தது அது.

1970 சனவரி 1 நள்ளிரவு முதல் கழிந்த வினாடிகளை உள்ளூர் நேரப்படி எண்ணி ஒரே எண்ணாக எழுதுக என்பது அவ்வமைப்பின் காலவிதி. இதில் நன்மை உண்டு. 03-04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ என்னும் ஐயம் எழாது. ஆலைச் சுவரிலுள்ள கடிகாரத்தோடும் கணக்கு ஒத்துவரும்.

ஆயினும் 'உள்ளூர்' என்றால் எந்த ஊர்? கிரீனிச் நேரத்திற்கும் அவ்வூர் நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டை எழுத அவ்வமைப்பில் தனியிடம் இல்லை. ஆலையின் பெயரை எழுத இடமுண்டு. ஆனால் அது கட்டாயமன்று. ஆஸ்திரியாவின் வில்லாக் நகரில் சோதித்த தகடு மலாக்காவில் சில்லாகி மீண்டும் சோதனை பெறுவதாகக் கொள்வோம். இரு பதிவுகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு கோடையில் ஆறு மணி. குளிர்காலத்தில் ஏழு மணி. இலையுதிர் காலத்தில் அங்குக் கடிகாரத்தைப் பின்தள்ளும் இரவில் 2.30 மணி இருமுறை வரும். எண்ணை மட்டும் கண்டவர் முந்தியது எது, பிந்தியது எது என்று எவ்வாறு துணிவார்?

மலாக்காவிலேயே மற்றொரு சிக்கல் உண்டு. 1970-இல் தீபகற்ப மலேசியாவின் நேரம் கிரீனிச்சுக்கு ஏழரை மணி முந்தியது. 1982 சனவரி 1 முதல் அது எட்டு மணியாயிற்று. ஆகவே 1970-இன் உள்ளூர் நள்ளிரவிலிருந்து விதியின் சொற்படியே எண்ணினால், இன்றைய கடிகாரக் கணக்குக்கு அரைமணி குறையும். விதியெழுதியோர் ஊர்நேரம் என்றும் மாறாது என்று கருதினர் போலும்!

தோட்டத்து மக்கள் வாழ்விலும் இக்குறை உண்டு. சப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, இங்கே தோக்கியோ நேரம் வழங்கியது. அது முந்தைய நேரத்தைக் காட்டிலும் ஒன்றரை மணி மிகுதி. 1943-இல் பிறந்த குழந்தைக்குக் 'காலை 6 மணி' என்று மட்டும் குறித்திருந்தால், தோக்கியோ நேரமா, பழைய நேரமா என்பது விளங்காது. ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும் இலக்கினத்தைக் கணிப்பவர் என் செய்வார்? எழுதியவர் பொய் எழுதவில்லை. எந்தக் கடிகாரம் என்பதைத்தான் எழுதவில்லை.

இதற்குப் பரிகாரம் அரிதன்று. 1988-இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் உலகத் தரம், ஆண்டு, மாதம், நாள், மணி எனப் பெரிய அலகு முதலாக எழுதி, இறுதியில் +08:00 என்று கிரீனிச் வேறுபாட்டையும் சேர்க்க வழிசெய்கிறது. எஸ்.டி.டி.எஃப். அமைப்பிலும் பயன்படுத்துவோர் விரும்பியதை எழுதப் பொதுப்பகுதி ஒன்று உண்டு; அதில் இதனைக் குறிக்கலாம். பள்ளி வரலாறும் தோட்ட வரலாறும் முதியோர் வாய்மொழியும் தொகுக்கும் தமிழாசிரியர்கள், 1982-க்கு முந்திய மணிகளை எழுதும்போது அக்கால நேரம் எதுவென்பதை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பாராக. கல்வெட்டுக்காரர் கிழமையும் நாண்மீனும் கூட்டி எழுதியதன் பயன் அதனால் நமக்கும் கிட்டும்.